சுயகற்றலும் நிலாவெளி ஜோனும்

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். ஒரு வெளிநாட்டுக்காரரைப் பிடிச்சு, பதினைஞ்சு நிமிஷம் இங்கிலீஷில கதைச்சு, அதை ஃபோனில பதிஞ்சு, ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பின்னேரம் நாலு மணிக்கு முதல் கம்பஸுக்குத் திரும்பி வாறது.

திருகோணமலையில இதெல்லாம் ஒரு வேலையோ எண்டு கேப்பீங்கள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். கெட்டிக்காரி எல்லோ!

இந்த வேலை ஏன் வந்ததெண்டு முதல் சொல்லிப்போடுறன்.

இரண்டாம் வருஷத்தில எங்களுக்குக் கல்விசார் ஆங்கிலம் எண்டு ஒரு பாடம். அதுக்குள்ள சுயகற்றல் எண்டு ஒரு பகுதி. ஒவ்வொரு கிழமையும் நாங்களே ஒரு இலக்கு வைச்சு, நாங்களே படிச்சு, அதில இருந்து என்னத்தை அறிஞ்சம் எண்டு நாங்களே யோசிச்சு, ஒரு லொக் புத்தகத்தில எழுதவேணும். ஒருத்தரும் சொல்லித்தர மாட்டினம். ஒருத்தரும் பின்னால நிண்டு பாக்க மாட்டினம். எங்களை நம்பி விட்டிருக்கு.

எங்களை! நம்பி!

எங்கட கம்பஸில சுயகற்றல் நடக்கிற முறையைக் கேளுங்கோ. மேல் பேட்ச் அக்கா ஒராளின்ர லொக் புத்தகம் வாட்ஸ்அப்பில வரும். வகுப்பில இருக்கிற முப்பத்தொரு பேரும் அதைப் பாத்து தனித்தனியா, அமைதியா, அவரவர் கையெழுத்தில எழுதுவம். அதில சுயம் எண்டு இருக்கிறது பேனை மட்டும்தான். எனக்கு அதுவும் சொந்தமில்லை, சுகன்யாவின்ரது. சுகன்யா என்ர பேட்ச், ஒரே போர்டிங், ஒரே சோம்பல்.

வாட்ஸ்அப்பில வந்த புத்தகம் மூண்டு வருஷத்துக்கு முதல் படிச்ச நிரோஷா அக்காவின்ரது. நாங்கள் ஒருத்தரும் அந்த அக்காவைக் கண்டதில்லை. ஆனா அவவின்ர பலவீனம், முயற்சி, முன்னேற்றம் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

ஏழாம் கிழமைதான் முக்கியம். கம்பஸுக்கு வெளியில இங்கிலீஷ் கதைக்கிற ஒராளை நேர்காணல் செய்யவேணும். அக்கா எழுதியிருந்தா: நிலாவெளிக் கடற்கரையில ஜோன் எண்ட இங்கிலாந்துக்காரரைச் சந்திச்சன், அவருக்கு வயசு அம்பத்தெட்டு, அவருக்கு இடியப்பம் பிடிக்கும், கடலில பிளாஸ்டிக் கூடுறதைப் பற்றி ஆழ்ந்த கவலையில இருக்கிறார்.

நாங்களும் சந்திச்சம். முப்பத்தொரு பேரும் சந்திச்சம். எங்களுக்கு முதல் இருந்த ரெண்டு பேட்சும் சந்திச்சது.

சுகன்யா மட்டும் நிலாவெளியை உப்புவெளி எண்டு மாத்தினவள். "ஆய்வெண்டா சொந்தச் சிந்தனையும் கொஞ்சம் வேணுமடி" எண்டாள். குச்சவெளியில இருந்து வாற, நெஞ்சுவரைக்கும் தாடி வைச்ச ஒருத்தன், 'மூதூரில இருந்து வந்த ஒரு பெண்பிள்ளையான எனக்கு' எண்டு தொடங்கிற வசனத்தையும் விடாம எழுதியிருந்தவன்.

இதுவரைக்கும் இருந்த சேர் புத்தகத்தைத் திறக்காமலே சைன் வைக்கிறவர். தங்கமான மனிசன். இந்த வருஷம் அவர் மாறிப் போய், புது மேடம் ஒராள் வந்தா.

அவ வாசிச்சா!

வாசிக்கிற விரிவுரையாளர் எண்டு ஒரு இனம் இருக்கெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. முப்பத்தொரு புத்தகத்தையும் மேசையில அடுக்கி வைச்சுக்கொண்டு, கோபமே இல்லாமல், சிரிச்ச முகத்தோட கதைக்கத் தொடங்கினா.

"எல்லாரும் ஜோனோட கதைச்சிருக்கிறீங்கள். நல்ல விஷயம். பழைய பேட்சின்ர புத்தகங்களும் எடுத்துப் பாத்தன். அவையும் கதைச்சிருக்கினம். இந்த ஜோனுக்கு மூண்டு வருஷமா அம்பத்தெட்டு வயசு. நிலாவெளித் தண்ணி நல்லம் போல. நானும் அங்க ஒரு காணி பாக்கவேணும்."

ஒருத்தரும் சிரிக்கேல்ல.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள உண்மையான ஒராளோட கதைச்சிட்டு வாங்கோ. இந்த ஃபோமில பெயர், கையெழுத்து, ஃபோன் நம்பர், அதோட ஒலிப்பதிவு, நாலும் வேணும். இல்லாட்டி சோதனை லிஸ்டில பெயர் இராது. அடுத்த வருஷம் கீழ் பேட்சோட இருந்து எழுதலாம்."

மற்றவைக்கு அது வெறும் கீழ் பேட்ச். எனக்கு அது கீர்த்தி. என்ர சொந்தத் தங்கச்சி. முதலாம் வருஷத்துக்கு வந்து ரெண்டு மாசம்தான். கந்தளாயில இருக்கிற அம்மா ஒவ்வொரு நாளும் ஃபோனில, "அக்காவைப் பாத்துப் படி" எண்டு அவளுக்குச் சொல்லுறவா. விஷயம் கேள்விப்பட்டவுடன கீர்த்தி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அக்கா, அடுத்த வருஷம் உங்களுக்கு யன்னல் பக்கம் சீட் பிடிக்கவோ, இல்லாட்டி எனக்குப் பக்கத்திலயோ?"

அண்டைக்கே முடிவெடுத்தன். என்ன வந்தாலும் இந்தச் சோதனையை நான் இந்த வருஷமே எழுதவேணும்.

இதில ஒரு சின்னச் சிக்கல். மாசம் மார்கழி. எங்கட பக்கத்தில மழையும் கடல் கொந்தளிப்பும். ஆடி ஆவணியில கல்லெறிஞ்சா வெள்ளைக்காரரில படும். மார்கழியில அவையெல்லாம் தெற்குப் பக்கம் போயிடுவினம். ஊரில மிச்சம் இருக்கிறது நாங்களும் தெருவில திரியிற மான்களும்தான்.

வெள்ளி காலமை எட்டு மணிக்குக் குடையைப் பிடிச்சுக்கொண்டு கோணேசர் கோயிலடிக்குப் போனன். கோயில் இருக்கிற கோட்டை வாசலுக்குள்ள மான் ஏழெட்டு நிண்டுது. மேல போகப் போக எங்கட பேட்ச் நிண்டுது. மொத்தம் பதினொரு பேர். நடுவில, ஒரு குடைக்குக் கீழ, நடுங்கிக்கொண்டு ஒரு வெளிநாட்டுச் சோடி.

சுகன்யாதான் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

"டு வாட் எக்ஸ்டென்ட் டு யூ எக்ரீ" எண்டு ஒருத்தி கேக்கிறாள். அது மேடம் தந்த சொற்றொடர் தாளில முதலாவது. "குட் யூ எலபொரேட்" எண்டு தாடிக்காரன் அந்தப் பக்கத்தால கேக்கிறான். அது ரெண்டாவது. அந்தச் சோடி இன்னும் வாயே திறக்கேல்ல, அதுக்குள்ள எதை விரிவாக்கச் சொல்லுறானோ தெரியாது.

அந்த மனிசி கடைசியில அழப்போறவ போல, "நோ இங்கிலீஷ், நோ இங்கிலீஷ்" எண்டா. வேன் ட்ரைவர் ஓடி வந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போயிட்டார். போகேக்க எங்களைப் பாத்த பார்வை இருக்கே! மான்கள் கூட எங்களிலும் பாக்க மரியாதையாத்தான் பிஸ்கட் கேக்கும்.

"அச்சா, எனக்குச் சரி" எண்டாள் சுகன்யா.

"என்னடி சரி? அவை ஒண்டும் கதைக்கேல்லையே!"

"நோ இங்கிலீஷ் எண்டு சொன்னவை எல்லோ. அது இங்கிலீஷ்தானே. பதிஞ்சிட்டன். கையெழுத்தும் வாங்கிட்டன்."

அவளைத் திட்டவும் மனம் வந்தது, கும்பிடவும் மனம் வந்தது. நேரமில்லாதபடியால் ரெண்டையும் செய்யாமல் துறைமுகப் பக்கம் நடந்தன்.

உட்துறைமுக வீதியில, கப்பல்களைப் பாத்துக்கொண்டு, மதிலில சாஞ்சபடி ஒராள் நிண்டார். நல்ல வெள்ளை. பூனைக் கண். நரைச்ச தாடி. கட்டைக் காற்சட்டை. மேடத்தின்ர தாளை ஒருக்காப் பாத்திட்டுக் கிட்டப் போனன்.

"எக்ஸ்கியூஸ் மீ சேர். டு வாட் எக்ஸ்டென்ட் டு யூ எக்ரீ..."

அவர் ஆறுதலாத் திரும்பினார்.

"பிள்ளை, நான் இந்த ஊர்தான், பாலையூற்று."

தலையை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்ல. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, நான் என்ன நினைச்சனெண்டா..."

"தெரியும், தெரியும். விடிஞ்சதில இருந்து நீங்கள் நாலாவது ஆள். எங்கட பூட்டன் போர்த்துக்கேயன். அதுக்காக நான் ஃபோம் நிரப்பவேணுமோ? ஒருத்தன் என்ர வயசை அம்பத்தெட்டு எண்டு அவனே எழுதிக்கொண்டு வந்திட்டான்!"

நல்ல மனிசன். என்ர முகத்தைப் பாத்து அவருக்கே பாவமாப் போச்சு.

"உண்மையான ஆள் வேணுமெண்டா நிலாவெளிக்குப் போங்கோ. கடற்கரைப் பக்கம் போட் எஞ்சின் திருத்துறவர் ஒராள் இருக்கிறார். இங்கிலாந்து. மழைக்கும் அசையார், வெயிலுக்கும் அசையார். போட் மாமா எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம்."

இங்கிலாந்து! நிலாவெளி! எனக்கு அந்த இடத்திலயே மண்டைக்குள்ள ஒரு மணி அடிச்சிருக்கவேணும். அடிக்கேல்ல. நான்தான் கெட்டிக்காரி எண்டு முதலே சொன்னனே.

பஸ் எடுத்து நிலாவெளியில இறங்கேக்க மழை சரிஞ்சு அடிக்குது. ஹோட்டல் எல்லாம் பூட்டு. குடை ரெண்டு தரம் மறுபக்கம் திரும்பி, மூண்டாம் தரம் என்னை விட்டிட்டே போயிட்டுது. விசாரிச்சு விசாரிச்சுப் போனன். தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. உள்ள சாரமும் பெனியனுமா ஒராள் குந்தியிருந்து ஒரு எஞ்சினைக் கழட்டிக்கொண்டிருந்தார். சிவத்த முகம், நீலக் கண். சந்தேகமே இல்லை.

பஸ்ஸில பாடமாக்கின வசனத்தை எடுத்து விட்டன். "குட் மோர்னிங் சேர். ஐ ஆம் எ செகண்ட் இயர் அண்டர்கிராஜுவேட்..."

"ஐயோ பிள்ளை, தொப்பலா நனைஞ்சு போனீங்கள்! உள்ள வாங்கோ, அந்தக் கதிரையில இருங்கோ. இஞ்சாரும்! கம்பஸ் பிள்ளை ஒண்டு வந்திருக்கு, ஒரு துவாய் கொண்டாரும்!"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டா, எங்கட சித்தப்பாவின்ர குரல்.

குசினிக்குள்ள இருந்து அவரின்ர மனிசி துவாயோட வந்தா. இருபது வருஷத்துக்கு முதல் இவர் ஒரு பாய்க்கப்பலில வந்தவராம். துறைமுகத்தில எஞ்சின் பழுதாப் போய், அதைத் திருத்த வந்தவரின்ர மகளைக் கட்டிக்கொண்டு இங்கயே நிண்டிட்டாராம். அந்த மகள்தான் இவ. எஞ்சின் இன்னும் திருந்தேல்லையாம்.

நான் காரியத்தைச் சொன்னன். மனிசி விழுந்து விழுந்து சிரிச்சா.

"இவர் இங்கிலீஷ் கதைச்சு நான் கேட்டது ரெண்டே ரெண்டு தரம் பிள்ளை. ஒருக்கா எஞ்சின் காலில விழுந்தது. மற்ற முறை என்ர அம்மாவோட சண்டை. ரெண்டும் கம்பஸில போட ஏலாத கதை."

"கதைப்பன், கதைப்பன்" எண்டார் அவர் ரோசத்தோட. "நீங்கள் பதியுங்கோ பிள்ளை."

ஃபோனை மேசையில வைச்சன். பதிவு ஓடுது. மூண்டு வசனம் நல்லாத்தான் கதைச்சார். நாலாவது வசனத்தில நிண்டு, தலையைச் சொறிஞ்சு, "நீரோட்டம் எண்டுறதுக்கு இங்கிலீஷில என்ன பிள்ளை?" எண்டு என்னட்டையே கேட்டார்.

அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இந்த மழையில நிலாவெளிக்கு வாறன்?

பிறகு முழுக்கத் தமிழ்தான். கடல் அரிக்கிறது, மீன் குறைஞ்சது, எஞ்சினுக்குச் சாமான் கிடைக்காதது எல்லாம் சொன்னார். இடையில பிளேன்டீ வந்தது, பனங்கட்டி வந்தது, சுடச்சுட வடை வந்தது. தகரத்தில மழை செண்டை அடிக்குது. நான் "டு வாட் எக்ஸ்டென்ட்" எண்டு தொடங்கிறதும், மனிசி "முதல் அதைக் குடியுங்கோ" எண்டுறதுமா ஒரு மணித்தியாலம் போச்சு.

கடைசியா ஃபோமை நீட்டினன். பெயர் எழுதினார். எழுதினதை வாசிச்சன்.

ஜோன்.

என்ர கையில இருந்த வடை கோப்பைக்குள்ள விழுந்திட்டுது.

"உங்களுக்கு... வயசு எத்தினை மாமா?"

"அறுபத்தொண்டு."

கணக்கில நான் எப்பவும் மட்டம். ஆனா அம்பத்தெட்டையும் மூண்டையும் கூட்ட எனக்குத் தெரியும்.

"ஏன் பிள்ளை முகம் அப்பிடிப் போகுது? மூண்டு வருஷத்துக்கு முதலும் ஒரு கம்பஸ் பிள்ளை இப்பிடித்தான் வந்தது. நிரோஷா எண்டு பெயர். கெட்டிக்காரப் பிள்ளை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் வரேல்ல. உங்கட கம்பஸில இப்ப இங்கிலீஷ் படிப்பிக்கிறேல்லையோ?"

நிரோஷா அக்கா உண்மையாவே வந்திருக்கிறா! கடவுளே! இவ்வளவு காலமும் நாங்கள் பொய்யெண்டு நினைச்சு உண்மையைக் கொப்பியடிச்சிருக்கிறம். நாலு பேட்சில ஒரே ஒருத்தி நேர்மையா வேலை செய்திருக்கிறா, அவவைப் பாத்து எழுதின தொண்ணூறு பேரால அவவும் இப்ப கள்ளி.

"மாமா" எண்டு மெல்லமாக் கேட்டன், "பெயரைக் கொஞ்சம் மாத்தி வைக்க ஏலுமோ? ஜேம்ஸ், டேவிட், அப்பிடி ஏதும்?"

அவருக்கு முகம் இன்னும் சிவந்து போச்சு. "கள்ளக் கையெழுத்து வைக்கச் சொல்லுறீங்களோ பிள்ளை? படிக்கிற பிள்ளை கேக்கிற கதையே இது?"

என்ர வாழ்க்கையில நான் முதல்தரமா உண்மையான வீட்டுவேலை செய்யிறன், அதுக்குள்ளயும் பேச்சு வாங்கிக்கொண்டு!

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்க, தண்ணி சொட்டச் சொட்ட மேடத்தின்ர அறைக்குள்ள நிண்டன். ஃபோமை வாங்கி வாசிச்சா. கண்ணாடியைக் கழட்டினா. துடைச்சா. திரும்பவும் போட்டிட்டு வாசிச்சா.

"ஜோன்."

"ஓம் மேடம்."

"நிலாவெளி."

"ஓம் மேடம்."

"இந்தக் கிழமை அவருக்கு எத்தினை வயசு?"

"அறுபத்தொண்டு மேடம்."

"வளந்திட்டார்" எண்டா மேடம்.

ஒலிப்பதிவைப் போடச் சொன்னா. போட்டன். முதல் அஞ்சு நிமிஷம் தகரத்தில மழை. மூண்டு வசனம் இங்கிலீஷும் அந்தச் சத்தத்துக்குள்ளதான் எங்கயோ இருக்கு. பிறகு மழை கொஞ்சம் குறைய, தெளிவா, அழகா, எங்கட ஊர்த் தமிழில ஒரு ஆம்பிளைக் குரல்: "இன்னொரு வடை எடுங்கோ பிள்ளை, வெக்கப்படாதேங்கோ."

"இவர்தான் அந்த இங்கிலாந்துக்காரர்?"

"ஓம் மேடம்." எனக்கே என்ர குரலில நம்பிக்கை வரேல்ல.

மேடம் ஃபோமில இருந்த நம்பருக்கு எடுத்தா. ஸ்பீக்கரில போட்டா. நான் எனக்குத் தெரிஞ்ச எல்லாக் கடவுளையும் கூப்பிட்டன். மாமா, ஒரே ஒருக்கா, வெள்ளைக்காரனா இருங்கோ!

"ஓம், சொல்லுங்கோ. ஆர் கதைக்கிறது?"

மேடம் என்னைப் பாத்தா. "நீங்கள் ஜோனோ?"

"ஓம் பிள்ளை."

"இங்கிலாந்தோ?"

"முந்தி."

"கொஞ்சம் இங்கிலீஷில கதைப்பீங்களோ?"

அங்கால தொண்டையைச் செருமுற சத்தம். பிறகு, "குட்டாப்டனூன் மேடம், ஹவ்வாயூ" எண்டு, எங்கட பஸ் கொண்டக்டர் சொல்லுற அதே இழுவையில வந்தது. பின்னால மனிசி சிரிக்கிறதும் கேட்டது.

மேடம் ஃபோனை வைச்சா. "உங்கட மாமா நல்லாத்தான் நடிக்கிறார்."

அதில நான் உடைஞ்சு போனன். நடிப்பில்லை, உண்மையாவே அழுகை வந்திட்டுது. தொண்ணூறு பேர் பொய் எழுதேக்க பேசாமல் இருந்த உலகம், நான் மழையில நனைஞ்சு உண்மையைக் கொண்டு வரேக்க ஆதாரம் கேக்குது. யன்னல் பக்கம் சீட் பிடிச்சு வைச்சுக்கொண்டு கீர்த்தி கை காட்டுற மாதிரி கண்ணுக்குள்ள தெரியுது.

மேடம் ஒரு கடதாசித் துவாயைத் தந்தா. பிறகு லொக் புத்தகத்தைத் திருப்பி என்னட்ட நீட்டினா.

"இந்தப் புதுப் பக்கத்தில கடைசிப் பெட்டி வெறுமையா இருக்கு. 'இந்த வேலையில இருந்து நான் கற்றது' எண்டு தலைப்பு. இதிலயே இருந்துகொண்டு, என்ர கண்ணுக்கு முன்னால எழுதுங்கோ. பத்து நிமிஷம்."

நிரோஷா அக்காவின்ர பெட்டியில என்ன இருந்ததெண்டு யோசிச்சன். ஒண்டும் நினைவு வரேல்ல. வேற வழியில்லாமல் என்ர மனசில இருந்ததை எழுதினன். இங்கிலீஷில எழுதினதை உங்களுக்குத் தமிழில சொல்லுறன்: 'நாங்கள் எல்லாரும் ஒரு மனிசனைக் கொப்பியடிச்சம். அவர் பொய்யெண்டு நினைச்சம். இண்டைக்கு நான் அவரின்ர வீட்டில வடை சாப்பிட்டன். முதலே பொய் சொன்ன விஷயத்தை இப்ப உண்மையெண்டு எப்பிடிக் காட்டுறது எண்டு எனக்குத் தெரியேல்ல. இனிமேல் பொய் சொல்லுறதெண்டாலும் என்ர சொந்தப் பொய்யைத்தான் சொல்லுவன்.'

மேடம் ஒருக்கா வாசிச்சா. பிறகு ஆறுதலா இன்னொருக்கா வாசிச்சா.

"இதில நாலு பிழை இருக்கு."

"ஓம் மேடம்."

"முப்பத்தொரு புத்தகத்திலயும் ஒரே பிழையளைத் திருத்தித் திருத்தி எனக்குக் கை நொந்து போச்சு. இப்பதான் ஒரு புதுப் பிழை பாக்கிறன்."

சைன் வைச்சா! சோதனை லிஸ்டில என்ர பெயரும் எழுதினா. அந்த இடத்தில அவவின்ர காலில விழாதது ஒண்டுதான் குறை. அறையைவிட்டு வெளியில வரேக்க, "அந்த வடைக்கார மாமாவின்ர நம்பர் என்னட்டையும் இருக்கட்டும்" எண்டா. நம்பினாவோ நம்பேல்லையோ, இன்னும் எனக்குத் தெரியாது.

போர்டிங்குக்கு வந்து தலை துடைச்சுக்கொண்டு நிக்கேக்க கீர்த்தி வந்தாள். கட்டிப்பிடிச்சு, "அக்கா பாஸ்!" எண்டு குதிச்சாள். தங்கச்சி எண்டா இப்பிடித்தான் இருக்கவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு குளிக்கப் போனன். திரும்பி வரேக்க அவள் என்ர லொக் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாப் படம் எடுத்து, தன்ர பேட்ச் குரூப்பில போட்டு முடிச்சிட்டாள். அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஆயத்தமாம்.

"அடியேய், அந்த மேடம் வாசிப்பாவடி!"

"அதுதான் அக்கா, ஃபோன் எடுத்தா மறுமொழி சொல்லுற ஒராளாப் பாத்து எடுத்திருக்கிறம்."

ஆக, ஜோன் மாமாவுக்கு இனி இன்னும் மூண்டு வருஷத்துக்கு அறுபத்தொரு வயசுதான்.